ஒண்ணுமில்லை என்று சொன்னால் கயிறு கிடையாது

மார்ச் 3

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்கப்போவதில்லை. நலமில்லை என்று நீங்கள் எந்தக் கடிதத்திலும் எழுதியதே கிடையாது.

முதலில் நல்ல செய்தி. உட்கார்ந்துகொண்டு படியுங்கள், ஆனால் ஸ்டியரிங் முன்னால் வேண்டாம். உங்கள் பஸ்ஸில் இருப்பவர்கள் பாவம். அண்ணி, என்னைக் குழுத் தலைவி ஆக்கிவிட்டார்கள்! கண்ணாடி துடைப்பவளுக்கு என்ன பெரிய பதவி என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும். இருபது மாடி உயரத்தில் கயிற்றில் தொங்குகிற ஒரு கூட்டத்துக்கு இனி நான் தலையாட்டினால்தான் கயிறு இறங்கும். பழைய தலைவர் மகளோடு போய் இருக்கப் போகிறார். போகும்போது ஆபீசில், “அவளைப் போடுங்க. அவ வாயில பொய் நிக்காது” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

என் ஆட்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று பேர். மீசை, எங்களில் மூத்தவர், மீசைக்கு மட்டும் தனி ஹெல்மெட் வேண்டும். டாக்டர், மருத்துவம் படித்தவர் இல்லை, யார் தும்மினாலும் மாத்திரை பெயர் சொல்லுவார். அப்புறம் பாட்டுக்காரி, கயிற்றில் ஏறி உட்கார்ந்தால் போதும், பதினைந்தாவது மாடியிலிருந்து தரை வரைக்கும் பாட்டுத்தான்.

எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. காலையில் மொட்டை மாடியில் வட்டமாக நின்று, ஒவ்வொருவரும் அன்றைக்குத் தனக்கு என்ன குறை என்று சொல்ல வேண்டும். உடம்போ, மனசோ, எதுவானாலும். “ஒண்ணுமில்ல” என்று சொன்னால் அன்றைக்குக் கயிறு கிடையாது, வாளியில் தண்ணீர் பிடித்துக் கொடுக்கத்தான் போக வேண்டும். குறையே இல்லாத மனுஷன் பொய் சொல்கிறான், பொய் சொல்கிறவனை நம்பி முடிச்சுப் போட முடியாது என்பது பழைய தலைவரின் கணக்கு. மீசை ஒருநாள், “மாமியார் வந்திருக்காங்க” என்றார். அன்றைக்கு அவருக்கு நிழல் பக்கம் கொடுத்தோம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன நவம்பரில் ஒருநாள் காற்று திடீரென்று திரும்பி என்னைக் கட்டிடத்தின் மூலையில் கொண்டுபோய் மோதியது. அடி ஒன்றும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து விளிம்பில் கால் வைத்தால் முட்டி இரண்டும் தனித்தனியாக ஆடுகிறது. பழைய தலைவரிடம் சொல்லலாம் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் அவர் என்னைத் தலைவியாக்கிவிட்டார். இனி எப்படிச் சொல்வது? பயந்தாங்கொள்ளியை யார் தலைவி என்பார்கள்? இப்போதைக்கு மேற்பார்வை என்று பெயர் வைத்து மொட்டை மாடியிலேயே நின்றுகொண்டிருக்கிறேன்.

ஒரு யோசனை சொல்லுங்கள். போனில் வேண்டாம். போனில் நாம் சிரித்து முடிப்பதற்குள் காசு தீர்ந்துவிடுகிறது, விஷயம் வருவதே இல்லை. அண்ணனிடம் சொல்லிவிடாதீர்கள். “அப்பவே சொன்னேன்ல” என்று ஆரம்பித்துவிடுவார்.

உங்கள்
குருவி


மார்ச் 11

என் அருமைக் குருவிக்கு,

தலைவி அம்மாவுக்கு வணக்கம்! டிப்போவில் எல்லோருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்துவிட்டேன். கண்டக்டர், “உங்க நாத்தனாருக்கு நல்லது நடந்ததுக்கு நீங்க மிட்டாய் கொடுக்கறீங்களா? உலகம் அழியப் போவுது” என்றார்.

நீ கேட்டதற்கு வருகிறேன். பைத்தியமா உனக்கு? ஒரு வார்த்தை வெளியே விடாதே. முன்னால் உட்காருகிறவள் பயத்தைக் காட்டக் கூடாது. போன குளிர்காலத்தில் மூடுபனியில் எனக்கு வண்டியின் மூக்கே தெரியவில்லை. நான் என்ன பின்னால் திரும்பி, “எல்லாரும் சாமியை வேண்டிக்கோங்க” என்றா சொன்னேன்? விசில் அடித்துக்கொண்டே ஓட்டினேன். பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். நீயும் விசில் அடி. நாளைக் காலையில் நெஞ்சை நிமிர்த்தி, “எனக்கு ஒண்ணுமில்ல” என்று சொல். தலைவிக்கே கயிறு கிடையாது என்று சொல்ல எவருக்குத் தைரியம் வரும்?

உன் அண்ணன் தினமும் உன்னைத்தான் விசாரிக்கிறார். சரியாகச் சாப்பிடுகிறாளா, அந்த இருமல் போய்விட்டதா என்று நச்சரிப்பு தாங்கவில்லை. நீ போன் செய்தால் மட்டும் ஏனோ வெட்கம், பேசாமல் என்னிடம் நீட்டிவிடுகிறார். ஆம்பளைகள் அப்படித்தான். கடிதத்தை டிப்போ விலாசத்துக்கே எழுது. வீட்டுத் தபால் பெட்டியில் மழைத் தண்ணீர் இறங்குகிறது.

அன்புடன்
அண்ணி


மார்ச் 24

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் விசில் வைத்தியம் பலித்துவிட்டது!

வட்டத்தில் என் முறை வந்தபோது, “எனக்கு ஒண்ணுமில்ல, அடுத்து யாரு?” என்றேன். டாக்டர் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். அவ்வளவுதான். மறுநாளும் அப்படியே. இப்போது எல்லோரும் கச்சிதமாகச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். “லேசா தலைவலி.” “நேத்து தூக்கம் கம்மி.” முன்பெல்லாம் தேநீர் ஆறும் வரைக்கும் ஓடும் பேச்சு, இப்போது கயிறு அவிழ்ப்பதற்குள் முடிந்துவிடுகிறது. ஆபீஸ் மேனேஜருக்கு ஏக சந்தோஷம். “உங்க டீம்தான் சீக்கிரம் இறங்குது” என்று தட்டிக் கொடுத்தார்.

ஒன்றே ஒன்றுதான். பாட்டுக்காரி பாடுவதை நிறுத்திவிட்டாள். ஏன் என்று கேட்டேன். “ஒண்ணுமில்ல” என்றாள்.

மே மாதம் புதுக் கட்டிடம் ஒன்று எங்களுக்கு வருகிறது. இந்தத் தெருக்களிலேயே அதுதான் உயரம். புதுக் கட்டிடம் என்றால் தலைவர்தான் முதலில் இறங்க வேண்டும் என்பது வழக்கம். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. மே மாதத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன?

அதற்கு முன் லீவு போட்டு ஒரு வாரம் அங்கே வரட்டுமா? மறுபடியும் வீட்டில் பெயிண்ட் அடிக்கிறார்கள் என்று எழுதாதீர்கள். போன வருடமும் அதேதான் எழுதினீர்கள். அது வீடா, கப்பலா?

உங்கள்
குருவி


ஏப்ரல் 2

குருவிக்கு,

அவசரமாக எழுதுகிறேன், வண்டி எடுக்க மணி அடித்துவிட்டார்கள். பலித்ததா? நான் சொன்னேனா இல்லையா! மே மாதமும் விசில்தான். கண்ணை மூடிக்கொண்டு இறங்கிவிடு.

லீவைக் கொஞ்சம் தள்ளிப் போடேன். பெயிண்ட் முடிந்தது, இப்போது தரை வேலை. தூசி உனக்கு ஆகாது. உன் அண்ணன்தான், “குருவிக்கு இருமல் வந்துடும், இப்ப வேணாம்” என்றார்.

அண்ணி


ஏப்ரல் 19

அன்புள்ள அண்ணிக்கு,

இந்தக் கடிதம் நீளமாக இருக்கும். வண்டி நின்ற பிறகு படியுங்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை மீசை ஒன்பதாவது மாடியில் நின்றுவிட்டார். கயிறு சரியாக இருக்கிறது, கொக்கி சரியாக இருக்கிறது, மனுஷர் மட்டும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கயிற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, ரத்த அழுத்தத்துக்கு அவருக்கு மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள், ஒரு வாரமாகத் தலைசுற்றல். வட்டத்தில் சொல்லவே இல்லை. “லேசா தூக்கக் கலக்கம்” என்றுதான் சொன்னார்.

டாக்டரும் பாட்டுக்காரியும் கட்டிடத்தின் மறுபக்கம். மொட்டை மாடியில் நான் ஒருத்திதான். மேற்பார்வை!

எப்படி இடுப்பில் வார் மாட்டினேன், எப்படி விளிம்பைத் தாண்டினேன் என்று கேட்காதீர்கள். முட்டி ஆடிய ஆட்டத்தில் கண்ணாடியெல்லாம் டக் டக் என்று சத்தம். ஒன்பதாவது மாடிக்குள்ளே ஏதோ பெரிய கூட்டம் நடக்கிறது. கோட் போட்ட பத்துப் பேர் எங்களையே பார்க்கிறார்கள். ஒருவர் சிரித்துக்கொண்டு கையசைத்தார். நாங்கள் வேலை செய்கிறோம் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. நானும் மரியாதைக்குக் கையசைத்து வைத்தேன்.

மீசையை என் வாரோடு சேர்த்து மாட்டினேன். “கண்ணைத் திறங்க” என்றேன். “மாட்டேன்” என்றார். “நானும் மூடிட்டுதான் வந்தேன்” என்றேன். “என்னது?” என்று ஒரு கண்ணை மட்டும் திறந்தார். அப்போதுதான் சொன்னேன் அண்ணி. ஒன்பது மாடி உயரத்தில், ஒரு வாளி சோப்புத் தண்ணீர் நடுவில் தொங்க, நவம்பரிலிருந்து எனக்கு இறங்கப் பயம் என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

“அப்புறம் எதுக்கு இறங்கி வந்த?”

“வேற யாரு வருவா?”

“அடிப்பாவி, ரெண்டு பயந்தாங்கொள்ளியும் ஒரே கயித்துல தொங்குறோமா?” என்று சிரிக்க ஆரம்பித்தார். எனக்கும் சிரிப்பு. சிரித்தால் கயிறு ஆடுகிறது, கயிறு ஆடினால் பயம், பயந்தால் மறுபடி சிரிப்பு. அப்படியே அங்குலம் அங்குலமாகத் தரைக்கு வந்து சேர்ந்தோம். உள்ளே இருந்த கோட்டுக்காரர்கள் என்ன நினைத்தார்களோ.

மறுநாள் வட்டத்தில் நான் முதலில் பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன். கட்டித் தழுவிக்கொள்வார்கள் என்று நினைத்தீர்களா? பாட்டுக்காரி என்னைப் பிடித்து ஏசிவிட்டாள். “நீ தினம் ‘ஒண்ணுமில்ல’ன்னு நிமிர்ந்து நின்ன. உனக்கே ஒண்ணுமில்லாதப்ப, எனக்கு மட்டும் குறை இருக்கேன்னு வெக்கமா இருந்துச்சு. எங்க அம்மா ஆஸ்பத்திரியில கிடந்தாங்க, அதை விழுங்கிக்கிட்டுக் கயித்துல உக்காந்தேன். எங்கேருந்து பாட்டு வரும்?” டாக்டர், “எனக்குக் கட்டை விரல் மரத்துப் போகுது, முடிச்சே சரியா விழல” என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது நான் ஒருத்தி என்று நினைத்திருந்தேன். என்னைப் பார்த்து ஆளுக்கொரு பூசணிக்காயை மறைத்திருக்கிறார்கள்.

ஏசி முடித்த பிறகு பாட்டுக்காரி அழுதாள், நானும் அழுதேன். டாக்டர் இருவருக்கும் மாத்திரை சொன்னார். வட்டம் முடிய மதியமாகிவிட்டது. அன்றைக்கு ஒரு கண்ணாடிகூடத் துடைக்கவில்லை. ஆனால் இந்த வேலைக்கு வந்ததிலிருந்து இவ்வளவு சந்தோஷமாக நான் வீடு திரும்பியது கிடையாது.

மேனேஜரிடமும் போய்ச் சொல்லிவிட்டேன். முகம் சுருங்கிவிட்டது அவருக்கு. “முதல்ல இறங்காத தலைவியை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?” என்றார். புதுக் கட்டிடத்துக்கு முன்னால் முடிவு சொல்கிறாராம். பதவி போனாலும் போகும். இது எனக்குப் பிடித்த வேலை அண்ணி, போனால் ரொம்ப வலிக்கும். ஆனால் விசில் அடித்து அதைக் காப்பாற்ற மாட்டேன்.

இன்னொன்றும் சொல்லாவிட்டால் நான் மாறவே இல்லை என்று ஆகிவிடும். உங்கள் யோசனை தப்பு. பிரியத்தில்தான் சொன்னீர்கள், கேட்டது நான்தான். ஆனாலும் தப்பு. என் மேல் கோபம் வரும். வந்தால் கோபம் என்றே எழுதுங்கள்.

உங்கள்
குருவி


மே 4

குருவி,

கோபம்தான் வந்தது. எழுது என்றாயே, எழுதுகிறேன். நேற்று முளைத்த தலைவி எனக்குப் புத்தி சொல்கிறாளா என்று வந்த ஆத்திரத்தில் ஒரு நிறுத்தத்தில் நிற்காமல் போய்விட்டேன். பின்னால் ஒரே கூச்சல். பயணிகளிடம் மன்னிப்புக் கேட்டேன், உனக்குப் பதில் எழுதவில்லை. பத்து நாள் அப்படியே கழிந்தது.

பிறகு உட்கார்ந்து யோசித்தேன். உனக்குச் சொன்ன அந்த விசிலை நான் பழகியது மூடுபனியில் இல்லை. இந்த வீட்டில்.

குருவி, உன் அண்ணன் உன்னைப் பற்றி ஒரு தடவைகூட விசாரிக்கவில்லை. இருமல், சாப்பாடு எல்லாம் நான் இட்டுக் கட்டியது. கயிற்றில் தொங்கும் வேலைக்குப் போகாதே என்று அவர் சொல்லி, நீ கிளம்பிப் போனாயே, அன்றைக்கு மூடிய வாய். உன் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார். நீ போன் செய்தால் நீட்டியது வெட்கத்தால் இல்லை. தபால் பெட்டியில் மழை இறங்கவில்லை, டிப்போவுக்கு எழுதச் சொன்னது கடிதம் அவர் கண்ணில் படாமல் இருக்கத்தான். இந்த வீட்டுக்குப் பெயிண்ட் அடித்து ஆறு வருடம் ஆகிறது, சுவரைப் பார்த்தால் உனக்கே தெரியும். நீ வந்து வாசலில் நின்று, அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் நீ எப்படித் தாங்குவாய் என்று பயந்தேன். நான் எப்படித் தாங்குவேன் என்றும் பயந்தேன். எனக்கு இருப்பது ஒரே நாத்தனார், அதுவும் வாய்த்தது தங்கமாக வாய்த்துவிட்டது.

நேற்று உன் நீளக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவருடைய பூட்டு ரிப்பேர் கடைக்குப் போனேன். மேஜையில் வைத்து, “இது உங்க தங்கச்சி எழுதினது. படிக்கறதும் படிக்காததும் உங்க இஷ்டம்” என்றேன். சாவியைத் தொலைத்த ஒருவர் எதிரில் நின்றுகொண்டிருந்தார். அவரை நிற்க வைத்துவிட்டுப் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு கேட்டார்: “அந்தக் கொக்கிக்கு லாக் எப்படி? திருகறதா, அமுக்கறதா? யாரு செக் பண்றா?”

இரண்டு வருடம் கழித்து மனுஷர் கேட்ட முதல் கேள்வி! எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. பதில் தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். “அவகிட்டயே கேளுங்க. இனிமே நடுவுல நிக்க என்னால ஆகாது” என்று வந்துவிட்டேன்.

ராத்திரி ஒரு பழைய பூட்டைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். காலையில் அந்தப் பூட்டையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். உன்னிடம் பேசுவாரா மாட்டாரா, எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுத மாட்டேன். இத்தனை நாள் ஏமாற்றியதற்கு நீ என்னை ஏசு. பாட்டுக்காரியை விட நன்றாக ஏசு. ஏசிவிட்டு மறுபடியும் எழுது, அதை மட்டும் நிறுத்திவிடாதே.

உன்
அண்ணி


மே 21

என் அண்ணிக்கு,

ஏசவேண்டும் என்று உட்கார்ந்தேன். “வீடா, கப்பலா” என்று கேட்ட என் புத்தியை நினைத்துச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு நாள் அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு ஏச நேரமே கிடைக்கவில்லை, ஏனென்றால் இங்கே ஆள் வந்து இறங்கிவிட்டது.

உங்களிடம், “ஒரு வேலை இருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினாராமே! திங்கட்கிழமை புதுக் கட்டிடம். வாசல் காவலாளி மேலே வந்து, “பெரிய பையோட ஒருத்தர், பூட்டு பாக்கணும்னு அடம் பிடிக்கறார்” என்றார். பார்த்தால் அண்ணன். பையில் அத்தனை ரிப்பேர் சாமானும்! என்னைப் பார்த்தார், “இளைச்சுட்ட” என்றார், நேரே கொக்கிகளிடம் போய்விட்டார்.

ஏழு கொக்கியையும் ஒவ்வொன்றாகத் திறந்து மூடி, காதருகில் வைத்துக் கேட்டு, டாக்டரோடு பெரிய வாக்குவாதம். மீசைக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. விளிம்புப் பக்கம் மட்டும் அவர் வரவே இல்லை. தண்ணீர்த் தொட்டியில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார்.

அதே நேரம் பார்த்து மேனேஜரும் முடிவு சொல்ல வந்து நின்றார். “தலைவின்னா முதல்ல இறங்கணும், அதுதானே வழக்கம்” என்று ஆரம்பித்தார். பாட்டுக்காரி விடவில்லை. “முதல்ல இறங்கறதுதான் தலைவர்னா வாளியைத் தலைவராக்குங்க சார். எங்களுக்கு முன்னாடி அதுதான் இறங்குது” என்றாள். மேனேஜர் முறைத்துப் பார்த்தார், முடியாமல் சிரித்துவிட்டார். பிறகு மீசை நிதானமாக, “அவ தப்பு பண்ணா, அவளே சொன்னா. அவ சொன்னதுக்கப்புறம்தான் நாங்க வாயைத் திறந்தோம். வேற யாரு வந்தாலும் மறுபடி மூடிக்குவோம்” என்றார். அண்ணி, நான்தான் தலைவி! இனி புதுக் கட்டிடத்தில் முதலில் இறங்குவது டாக்டர். கட்டை விரலுக்கு நிஜ டாக்டரிடம் காட்டி மருந்து சாப்பிட்டு வந்துவிட்டார்.

நான் நான்காவதாக இறங்கினேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. காற்று படாத ஓரம், பக்கத்துக் கயிற்றில் தலைசுற்றல் தீர்ந்த மீசை, கீழே எங்கேயோ பாட்டு. பயம் அப்படியேதான் இருக்கிறது, முட்டியும் அப்படியேதான். விளிம்பில் உட்கார்ந்தபோது திரும்பிப் பார்த்தேன். அண்ணன் தொட்டியைப் பிடித்த கையை விடாமல், “பாத்துப் போ” என்றார். கடைத்தெருவுக்குப் போகிறவளிடம் சொல்கிற மாதிரி.

உங்கள் மேல் ஒரே ஒரு கோபம் மிச்சம் இருக்கிறது. அதை நேரில் தீர்த்துக்கொள்கிறேன். அடுத்த மாதம் வருகிறேன். சுவரை அப்படியே வைத்திருங்கள்.

கீழே அண்ணனும் இரண்டு வரி எழுதுவாராம். இடம் விடுகிறேன்.

உங்கள்
குருவி


ஏழு கொக்கியும் பார்த்தேன். ஆறு சரி. ஒன்றில் லாக் தேய்ந்திருந்தது, மாற்றச் சொல்லிவிட்டேன். சாப்பாடு பரவாயில்லை. இன்னும் மூன்று நாள் இருந்துவிட்டு வருகிறேன், கடையைத் திறக்க வேண்டாம். இவள் இறங்கி முடிக்கும் வரைக்கும் எனக்கு மூச்சே வரவில்லை. எனக்கு இருந்தது கோபம் இல்லை, பயம்தான். இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன், அவளுக்குத் தெரிய வேண்டாம் என்று எழுத வந்தேன். எழுதி முடிப்பதற்குள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துப் படித்துவிட்டாள். இப்போது என் கழுத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள், எழுத முடியவில்லை.